விளக்கு செய்த பாவம் என்ன?

கேள்வி: ஒவ்வொரு முறையும் மின்கட்டணம் எகிறிக்கொண்டே போகிறது. நானும் வீட்டில் விளக்குகளை ஓடி ஓடி அணைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிளக்கில் செருகினால் கட்டணம் பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்களே, வாங்கலாமா? சமாளிக்க வேறு வழி உண்டா?

பதில்: பெட்டிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ‘ஓடி ஓடி’.

எல்லா வீட்டிலும் விளக்கணைக்கும் அதிகாரி ஒருவர் இருக்கிறார். சம்பளம் கிடையாது, ஓய்வுபெறும் வயதும் கிடையாது. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அறை இருட்டாகியிருக்கும். குளியலறையில் ஆள் இருக்கும்போதே அணைப்பார். உள்ளேயிருந்து கூச்சல் கேட்டால், “உள்ளேயா இருக்கே?” என்று நம்மையே குற்றவாளி ஆக்குவார். இத்தனைக்கும் அதே சுவிட்சுப் பலகையில், அவர் விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி ஒரு சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருக்கும். வாட்டர் ஹீட்டர். காலையில் போட்டது, தண்ணீர் ஆற ஆறத் தானாகவே மறுபடி சூடேற்றிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும். அதை அவர் தொடமாட்டார். அதுதான் வெளிச்சம் தருவதில்லையே!

கணக்கைப் பாருங்கள். 15 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 0.7 யூனிட் வேண்டும். கம்பிச்சுருள் வைத்த ஹீட்டர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இதில் தள்ளுபடி இல்லை. தண்ணீரின் சுபாவம் அது. அந்த 0.7 யூனிட்டில் ஒரு 9 வாட் எல்இடி பல்பை மூன்று நாள் இரவும் பகலும் எரியவிடலாம்.

விளக்கை அணை என்ற உபதேசம் குண்டு பல்பு காலத்தில் நியாயமானதுதான். 60 வாட் குண்டு பல்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே போயிற்று. அது கொஞ்சம் வெளிச்சமும் தரும் ஹீட்டர். இன்று அதே வெளிச்சத்துக்கு 9 வாட் போதும். இதற்கு வழிசெய்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். தகவல்தான் நம் அதிகாரிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆகவே கண்ணைக் கூசச் செய்வதை விட்டுவிட்டு, சூடாக்குவதையும் குளிராக்குவதையும் பிடியுங்கள். ஏசியை 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சாதாரண ஏசி 16-இல் வைத்தாலும் 26-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 16 என்றால் நிறுத்த நேரம் வராமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். 26-இல் வைத்து மின்விசிறியையும் போட்டுப் பாருங்கள். விசிறி குளிர்விப்பது ஆளைத்தான், அறையை அல்ல. ஆளில்லாத அறையில் அது சுற்றுவது வீண். (அதிகாரிக்கு ஒரு வேலை கொடுத்தாயிற்று.) ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவின் ரப்பர் போய்விட்டது, மாற்றுங்கள்.

அப்புறம் மீட்டர். எலெக்ட்ரானிக் மீட்டரின் முகத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்திலேயே 3200 என்பதுபோல ஓர் எண் அச்சாகியிருக்கும். அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 53 முறை சிமிட்டினால் அந்த நேரத்தில் வீட்டில் 1,000 வாட் ஓடுகிறது. எல்லாவற்றையும் அணையுங்கள், ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணுங்கள். யார் திருடன் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எல்லாம் அணைத்த பிறகும் சிமிட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மீட்டர் என்றதும் என் பழைய வயிற்றெரிச்சல் கிளம்புகிறது. ‘மணிக்கு 500 கிலோவாட்’ என்று அச்சில் வருகிறது. வாட் என்பதே ஒரு நொடிக்கு ஒரு ஜூல் என்கிற வேகம்தான். அதற்கு முன்னால் ‘மணிக்கு’ எதற்கு? 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி. நாம் யூனிட் என்பது அதைத்தான். இந்த ஒரு விஷயத்துக்காக எங்கள் உதவி ஆசிரியர் ஒருவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது. ஜேம்ஸ் வாட்டைக் கேட்டால் சிரிப்பார். அவர் நீராவிக்காரர், 1819-லேயே காலமாகிவிட்டார், மின்விளக்குக் கட்டணம் கட்டியவரில்லை. அவர் பெயரை அலகுக்கு வைக்கலாம் என்று வில்லியம் சீமென்ஸ் சொன்னது 1882-இல்.

அதே ஆண்டு நியூயார்க்கில் எடிசன் தன் மின்நிலையத்தைத் திறந்தார். அவருடைய மீட்டர் என்ன தெரியுமா? ஒரு ஜாடியில் துத்தநாகக் கரைசல், அதில் இரண்டு துத்தநாகத் தகடுகள். மின்சாரம் ஓட ஓட ஒரு தகடு கரைந்து மற்றதில் படியும். ஆள் வந்து தகட்டை எடுத்துப்போய் எடைபோட்டுக் கட்டணம் சொல்வார்! வீட்டுக்காரர் என்னத்தைச் சரிபார்ப்பது? குளிரில் கரைசல் உறையாமலிருக்க மீட்டர் பெட்டிக்குள்ளேயே ஒரு பல்பையும் வைத்தார் மனிதர். வெளிச்சத்துக்கு அல்ல, சூட்டுக்கு. குண்டு பல்பு உண்மையில் எதற்கு லாயக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, உங்கள் பெட்டி. பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும் இருக்கும். கெப்பாசிட்டரால் ‘பவர் ஃபேக்டர்’ என்பதை (இழுக்கிற மின்சாரத்தில் நிஜமாக வேலைக்கு உதவும் பங்கு) சீர்செய்யலாம். அதற்கென்று தனியாகக் காசு கட்டும் தொழிற்சாலைக்கு அதில் லாபம் உண்டு. வீட்டுக் கட்டணமோ நிஜமாகச் செலவான யூனிட்டுக்குத்தான். ஆக, உங்கள் வீட்டில் அந்தப் பெட்டிக்குள் உருப்படியாக வேலை செய்வது பச்சை விளக்கு ஒன்றுதான். அதற்கும் மின்சாரம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெட்டியின் விளம்பரம் நமக்கும் வந்தது, கால் பக்கம். வேண்டாம் என்றேன். “காலியாக விட்டால் நீங்கள் கவிதை போட்டுவிடுவீர்கள், அதற்கு இது தேவலை” என்றது விளம்பரப் பிரிவு. கவிதைதான் போட்டேன். அதற்கு வந்த கடிதங்களை வெளியிடுவதாக இல்லை.