முறிந்த எலும்பும் இறுகிய மூட்டும்: இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்து, எலும்பு கூடிவிட்டது என்றார்கள். ஆனால் அவரால் சோறு பிசைந்து சாப்பிடக்கூட முடியவில்லை.

பதில்: எலும்பு கூடுவது வேறு, கை பழைய வேலைக்குத் திரும்புவது வேறு. ஆறு வாரம் அசையாதிருந்த மூட்டின் உறை இறுகி, தசையும் இளைத்திருக்கும். பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்துப் பத்து நிமிடம் கையை அமிழ்த்தி வைத்தபின், முன்கையை மேசைமீது கிடத்தி, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைத்து, மேலும் கீழும் மெல்ல அசைக்கச் சொல்லுங்கள். அடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பப் பழக வேண்டும். கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக இந்தத் திருப்பம்தான் தேவை. பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பயிற்சியின்போது எழும் வலி சற்று நேரத்தில் அடங்கிவிட்டால் அஞ்ச வேண்டாம். விரல்கள் வீங்கிப் பளபளத்து, தொட்டாலே எரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பிடிமான வலு முழுமையாகத் திரும்ப ஓராண்டுகூட ஆகலாம். நின்ற நிலையில் விழுந்தே எலும்பு முறிந்திருப்பதால், எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் அவசியம்.

கேள்வி: மகன் மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கியிருக்கிறது. எண்ணெய் போட்டு உருவிவிடலாமா?

பதில்: கூடாது. முறிவு இல்லை என்று எக்ஸ்ரே உறுதிசெய்தாலும், அடிபட்ட முழங்கையை உருவக் கூடாது. அவ்வாறு உருவினால் சுற்றியுள்ள தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, கை நீளாமல் நின்றுவிடக்கூடும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் புத்தூர்க் கட்டுத்தான். எல்லோருக்கும் கூடியிருக்கிறது. நீங்கள் ஏன் நாட்டு வைத்தியத்தைப் பழிக்கிறீர்கள்?

பதில்: ஐயா, நான் எந்த ஊரையும் எந்த வைத்திய முறையையும் பழிக்கவில்லை. விலகாத முறிவை அசையாமல் வைத்தால் எந்தக் கட்டிலும் எலும்பு கூடும், கூட்டுவது உடல்தான். என் அச்சமெல்லாம் கட்டின் இறுக்கத்தைப் பற்றியது. முறிந்த கை வீங்கும்போது இறுகிய கட்டு இடம் கொடுக்காவிட்டால், தசைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபடும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தசை மீளாத சேதம் அடையத் தொடங்கிவிடும். இதனால் கை சுருங்கிப்போவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மான் 1881இலேயே விவரித்திருக்கிறார். என்னிடம் வந்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இரவெல்லாம் அழுதவனை, ‘முறிவென்றால் வலிக்கத்தான் செய்யும்’ என்று தேற்றியிருக்கிறார்கள். நான் பார்த்தபோது, மணிக்கட்டை மடக்கினால் மட்டுமே அவன் விரல்கள் நீண்டன. மணிக்கட்டை நிமிர்த்தியதும் அவை உள்ளங்கைக்குள் சுருண்டன. சட்டைப் பொத்தானை அவன் தாய்தான் போட்டுவிட்டார்.

கேள்வி: மருத்துவமனை மாவுக்கட்டில் மட்டும் இது நடக்காதா?

பதில்: நடக்கும். அதனால்தான் யார் கட்டினாலும் விரல்களைப் பாருங்கள் என்கிறேன். மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, பிறர் விரலை நீட்டிவிட்டால் உயிர் போகும் வலி எடுத்தாலோ, மரத்துப்போனாலோ, அந்த நொடியே கட்டைப் பிரிக்கச் செய்யுங்கள். நாடி துடிக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். அழுத்தம் ஏறியபின்னும் நாடி துடித்துக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: முழங்கால் தேய்மானம் என்கிறார்கள். நடப்பதை நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள். நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள்; தொடைத்தசை வலுத்தால் மூட்டு வலி தணியும். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது. சம்மணமிடுவதையும் குந்துவதையும் குறையுங்கள்.

கேள்வி: காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் ஒரு மணி நேரத்துக்குமேல் மடங்குவதில்லை. என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: முதலில் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள், அம்மா. பயிற்சி அதற்குப் பிறகுதான்.

கேள்வி: கணுக்கால் பிசகியிருக்கிறது. எந்தத் தைலம் நல்லது?

பதில்: எண்ணெய் பற்றி மேலே சொல்லிவிட்டேன், புதுக் காயத்தை உருவாதீர்கள். நான்கு அடி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுங்கள்.

கேள்வி: தாத்தாவுக்கு 80 வயது. நேற்று விழுந்தார். காலை ஊன்ற முடியவில்லை, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. தைலம் தேய்த்து வருகிறோம்.

பதில்: தேய்ப்பதை இப்போதே நிறுத்துங்கள். தொடையெலும்பு இடுப்பு மூட்டருகே முறிந்திருக்க வாய்ப்பு மிகுதி. நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். 108ஐ அழைத்து, படுத்த நிலையிலேயே இன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.