பழைய ஃபைபர்கிளாஸ் கேம்பர் டிரெய்லரை நம்பி வாங்கலாமா?

நாற்பது ஆண்டுப் பழைய 13 அடி ஃபைபர்கிளாஸ் கேம்பர் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் சென்று தங்கும் வண்டி) ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், அதை வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே அளவுள்ள ஒன்றை ஏழு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். தாராளமாக வாங்கலாம். ஆனால் மேலோட்டின் பளபளப்பில் மயங்காமல், தரைப்பலகையையும் சேசிஸையும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தையும்) பார்த்து முடிவெடுங்கள்.

இந்த வகை வண்டிகளின் முன்னோடிகளில் ஒன்றான போலர், 1968-இல் கனடாவின் வினிபெக் நகரில் பிறந்தது. அதை உருவாக்கிய ரே ஒலெக்கோ, அதற்கு முன் ஃபைபர்கிளாஸில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்தவர். மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு ஓடுகளை அச்சில் வார்த்து இடுப்புப் பகுதியில் இணைத்துவிடுவதால், சுவருக்குள் மரச்சட்டமும் இல்லை, கூரை மூலைகளில் இணைப்பும் இல்லை. எழுபதுகளில் செய்த வண்டிகள் இன்றும் சாலையில் ஓடுவதற்கு இதுவே காரணம். ஆயினும் பெரும்பாலான பழைய வண்டிகளில் தரை பிளைவுட் போன்ற மரப்பலகைதான். சன்னல், கூரைத் திறப்பு, உள்ளே அலமாரிகளைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் (அறைந்து இறுக்கும் உலோக ஆணிகள்) என்று ஓட்டில் துளைகளும் ஏராளம்.

நான் வாங்கியபோது வண்டிக்குப் புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். கூரையையும் சன்னல்களையும் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து, இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, பின் இருக்கையின் மெத்தையைத் தூக்கி அடிப்பெட்டியைத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. சுவரோரம் பலகையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். ஊறிய ரொட்டியில் இறங்குவது போல அது உள்ளே போனது. மேல் அலமாரியின் ஒரே ஒரு ரிவெட் மூடி விரிசல் விட்டிருந்தது. நீர் அதன் வழியே நுழைந்து, உட்பூச்சுத் துணிக்குப் பின்னால் ஓசையின்றி வழிந்து தரையை அடைந்திருந்தது. ரிவெட்டை மாற்றப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. தரையை அறுத்தெடுத்துப் புதிதாகப் போட இரண்டு வார இறுதிகள் ஆயின.

ஆகவே எல்லாப் பெட்டிகளையும் திறக்கச் சொல்லுங்கள். கதவு வாசலிலும் பின் மூலைகளிலும் தரையை அழுத்திப் பாருங்கள். சன்னலைச் சுற்றி ஒழுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையைத் தாறுமாறாக அப்பியிருந்தால், அங்கே ஒழுக்கு இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் விட்டுச்செல்லும் படலத்தின் மேல் வேறெதுவும் சரியாக ஒட்டாது என்பதால், நான் பியூட்டைல் டேப்பைத்தான் (ரப்பர் போன்ற ஒட்டும் பட்டையைத்தான்) பயன்படுத்துகிறேன்.

அடுத்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். காருடன் இணையும் இழுவைச் சட்டம் டிரெய்லர் உடலின் முன்பகுதிக்கு அடியில் நுழைந்து வளையும் இடத்தில் விரிசல் விடுவது இந்தச் சிறு வண்டிகளில் நன்கு அறியப்பட்ட குறை. பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, இரும்புக் குழாய்க்குள் ரப்பர் தண்டுகள் வைத்த ஆக்சில் (சக்கர அச்சு) இருக்கும். ரப்பர் தளர்ந்துவிட்டால் பழுது பார்க்க வழியில்லை. ஆக்சிலையே மாற்றியாக வேண்டும். டயரின் பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு எண்களையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் தேயாமல் புதிதுபோலத் தெரிந்தாலும், ஆறு ஆண்டு தாண்டிய டயரை நம்பி நெடுஞ்சாலையில் இறங்காதீர்கள்.

13 அடி என்பது இழுவைச் சட்டத்தையும் சேர்த்த நீளம். உள்ளே ஏறத்தாழ 10 அடிதான் கிடைக்கும். சாமான்களை ஏற்றிய பின் எடை போட்டுப் பாருங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் இழுவைக் கொக்கியின் மேல் விழ வேண்டும். குறைந்தால் வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும்.

இவ்வளவு சிறிய இடத்தில் இருவர் உறங்கினால், மூச்சுக்காற்றின் ஈரமே விடியற்காலையில் சன்னலிலிருந்து சொட்டும். அதை ஒழுக்கு என்று எண்ணி நான் ஒரு வாரம் தேடியிருக்கிறேன். குளிர்காலத்திலும் கூரைத் திறப்பையும் ஒரு சன்னலையும் விரற்கடை அளவு திறந்து வையுங்கள். எரிவாயு அடுப்பு இருந்தால் வாயுக்கசிவு எச்சரிப்பானும் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானும் கட்டாயம் வேண்டும்.

விற்பவர் சம்மதித்தால், ஒருவர் வெளியே குழாயால் அரை மணி நேரம் நீர் பாய்ச்ச, நீங்கள் டார்ச்சுடன் உள்ளே இருந்து ஒவ்வொரு ரிவெட்டாகப் பாருங்கள்.