மொட்டை மாடி வைஃபையும் மழையும்: கேள்வி பதில்

கேள்வி (நாகப்பட்டினம்): அண்ணா, மாடியில் மாட்டும் வைஃபை ரேடியோவை (சிக்னல் வாங்கி அனுப்பும் பெட்டி) ஐபி67 என்ற தூசி, தண்ணீர் தாங்கும் தரக்குறி பார்த்துத்தான் வாங்கினேன். ஐப்பசி மழையில் நெட் விட்டு விட்டு வருகிறது. திறந்து பார்த்தால் உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லையே?

பதில்: ஐபி67-இல் 6 என்றால் தூசி புகாது, 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் அது மூடி இறுகிய பெட்டிக்குத்தான், நீங்கள் செருகிய கேபிளுக்கு இல்லை. கேபிள் நுனியில் இருக்கும் ஆர்ஜே45 பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், எட்டுத் தகடுகளில் ஒன்றிரண்டு பச்சையாகக் களிம்பேறியிருக்கும். அதை வெட்டிவிட்டுப் புது முனையைக் கிரிம்ப் பண்ணுங்கள், அதாவது அதற்கான இடுக்கியால் அழுத்திப் பொருத்துங்கள். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிள் என்றால் அதையும் மாற்றிவிடுங்கள், வெயிலில் அதன் மேல்தோல் வெடித்து, உள்ளே புகும் தண்ணீர் கேபிள் வழியாகவே இறங்கிக் கீழே அடாப்டர் வரைக்கும் வந்துவிடும். வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்புக் கேபிள் போடுங்கள். சுவர்த் துளைக்கு முன்னால் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, அப்புறம் மேலேற்றி உள்ளே விடுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கடலோரம் என்பதால் கிளாம்ப், போல்ட் எல்லாம் எஸ்எஸ் 316 (உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆக இருக்கட்டும்.

கேள்வி (வேலூர்): வீட்டு ரவுட்டரையே இரும்புப் பெட்டியில் வைத்து மாடியில் மாட்டலாமா சார்?

பதில்: வேண்டாம். இரும்பு சிக்னலை அடைத்துவிடும். பிளாஸ்டிக் பெட்டியிலும் சூடுதான் பிரச்சினை, வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கும்தான், உங்கள் ஊர் மே மாதத்தில் நிழலிலேயே அது வந்துவிடும், மூடிய பெட்டிக்குள் கேட்கவே வேண்டாம். ராத்திரி குளிர்ந்ததும் உள்ளேயே வியர்க்கும். அதனால் எந்தப் பெட்டி மாட்டினாலும் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கட்டும், எறும்பு ஏறாமல் வலை ஒட்டுங்கள்.

கேள்வி: ஆன்டெனா ஜாயிண்டில் சிலிக்கான் பூசினால் போதுமா?

பதில்: வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் செம்பை அரித்துவிடும், அதைத் தொடவே தொடாதீர்கள். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கிடைக்கிறது. நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாக, ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிவரச் சுற்றுங்கள். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பிலும் தண்ணீர் தேங்கும். அதன்மேல் வெயிலுக்காகக் கறுப்பு பிவிசி டேப்.

கேள்வி: இடி மின்னலுக்கு?

பதில்: கேபிளின் இரண்டு முனையிலும் ஈத்தர்நெட் சர்ஜ் புரொடக்டர் (கேபிளில் திடீரென்று பாயும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) மாட்டி, எர்த் கொடுங்கள். எர்த் இல்லாத புரொடக்டரால் பயனில்லை. பக்கத்தில் விழும் மின்னலுக்குத்தான் இது, நேராக விழுந்தால் எதுவும் தாங்காது. இடி கேட்பதற்கு முன்பே, வானம் கறுக்கும்போதே கேபிளையும் பிளக்கையும் உருவிவிடுங்கள்.