சர்வர் சந்தேகம்: ரெண்டாவது தடவை ஓட்டினால் சரியாகிறதே?

கேள்வி: புது உபுண்டு லினக்ஸ் சர்வரில் பப்பெட்டை (கோடில் எழுதியபடி சர்வரைத் தானாக அமைக்கும் மென்பொருள்) முதல் தடவை ஓட்டினால், வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் (செட்டிங்) ஃபைலை எழுத முடியவில்லை, டைரக்டரி இல்லை என்கிறது. மறுபடி ஓட்டினால் சத்தமில்லாமல் சரியாகிவிடுகிறது. பேசாமல் ரெண்டு தடவை ஓட்டிவிடலாமா? இல்லை, எல்லாவற்றுக்கும் ரெக்வயர் (‘அது முடிந்த பிறகே இது’ என்று சொல்லும் குறிப்பு) போட்டுவிடட்டுமா? (கோடை இணைத்திருக்கிறேன்.)
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நான் மூன்று தடவைகூட ஓட்டியிருக்கிறேன். 2011 கடைசியில் தானே புயல் நம்ம ரெண்டு ஊரையும் புரட்டிப் போட்டதே, அப்போது புதுச்சேரியில் நான் வேலை பார்த்த இடத்தில் சர்வருக்குள் தண்ணீர் போய்விட்டது. "கோட் இருக்கு, ஒரு மணி நேரத்தில் எழுப்பிடலாம்" என்று ஜம்பமாகச் சொன்னேன். ஜெனரேட்டர் இரைச்சலில் உட்கார்ந்து ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு. ஒரு வருஷமாக முணுமுணுக்காத கோட் அது! பழைய மெஷினில் பேக்கேஜ் (நிறுவ வேண்டிய மென்பொருள் தொகுப்பு), யூசர், டைரக்டரி எல்லாம் ஏற்கெனவே இருந்ததால் வரிசைத் தப்பு வெளியே தெரியவில்லை.

உங்களுக்கும் அதே கதைதான். சுவர் இருந்தால்தானே சித்திரம்? உங்கள் சுவர் என்ஜின்எக்ஸ் பேக்கேஜ். அது இறங்கும்போதுதான் கான்ஃபிக் டைரக்டரியே உருவாகிறது. டைரக்டரியை உங்கள் கோடே உருவாக்கியிருந்தால் பப்பெட் தானாக அதை முதலில் செய்திருக்கும். பேக்கேஜோடு வருவது அதற்குத் தெரியாது. ஃபைல் தோற்றாலும், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பேக்கேஜைப் போட்டுவிடுகிறது. அதனால்தான் அடுத்த தடவை சரியாகிறது.

கோடில் மேலே எழுதியது முதலில் ஓடாதா என்றால், 2015ல் வந்த பப்பெட் நான்காம் பதிப்பிலிருந்து ஓடும். ஆனால் உங்கள் கோடில் கான்ஃபிக் கிளாஸ் (கிளாஸ் என்றால் பெயர் வைத்த வேலைத் தொகுப்பு), பேக்கேஜைப் போடும் இன்ஸ்டால் கிளாஸுக்கு மேலே இருக்கிறது. ஆங்கில அகரவரிசையில் அடுக்கினீர்களோ!

மெயின் கிளாஸில் இன்ஸ்டால், கான்ஃபிக், சர்வீஸ் என்ற மூன்று கிளாஸையும், சும்மா சேர்க்கும் இன்க்ளூடுக்குப் பதில், மெயினுக்குள்ளேயே கட்டிவைக்கும் கன்டெய்ன் செய்து, இன்ஸ்டால் -> கான்ஃபிக் ~> சர்வீஸ் என்று ஒரே வரி எழுதுங்கள். இரண்டாவது அம்பின் நெளிவைக் கவனியுங்கள். கான்ஃபிக் மாறினால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது அதுதான். நேர் அம்பு போட்டால் டிஸ்க்கில் புது ஃபைல் இருக்கும், என்ஜின்எக்ஸ் பழைய செட்டிங்கிலேயே ஓடும்.

எல்லாவற்றுக்கும் ரெக்வயர் வேண்டாம். யூசர், குரூப் போன்றவற்றை பப்பெட்டே பார்த்துக்கொள்ளும். எங்காவது இது அதற்கு, அது இதற்கு என்று காத்திருக்கும் வட்டம் விழுந்தால் ஒரு வேலையும் நடக்காது.

திருத்தியதும் காலி விர்ச்சுவல் மெஷினில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இப்போதிருக்கும் சர்வரில் பார்த்துவிட்டு "சரியாகிடுச்சு" என்று எனக்கு எழுதாதீர்கள்.