வயதானால் வரும் மறதிக்கும் அல்சைமருக்கும் என்ன வித்தியாசம்?

"அறுபதைத் தாண்டிய அப்பாவுக்குப் பெயர்கள் சட்டென்று வருவதில்லை, இது அல்சைமரின் தொடக்கமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. அல்சைமர் வந்த அம்மாவை எட்டு வருடம் கூட இருந்து பார்த்துக்கொண்டவன்.

எவ்வளவு மறக்கிறார் என்று எண்ணாதீர்கள். மறந்தது திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வயதானால் மூளை எடுத்துத் தருவதில் தாமதம் ஆகும், அவ்வளவுதான். நுனி நாக்கில் நிற்கிற பெயர், முதல் எழுத்தைச் சொன்னால் வந்துவிடும். இல்லாவிட்டால் ராத்திரி படுக்கும்போது தானாக வரும். அல்சைமரில் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் மூளையில் புது நினைவைப் பதிக்கிற ஹிப்போகேம்பஸும் அதை ஒட்டிய பகுதியும். பதியாததை எங்கிருந்து எடுப்பது?

ஒருநாள் தங்கை போனில் அம்மாவிடம் அரைமணி நேரம் பேசினாள். வைத்த சற்று நேரத்தில், "அவ ஏன் இன்னைக்குக் கூப்பிடவே இல்ல?" என்றார் அம்மா. "இப்பத்தானேம்மா பேசின, பையன் பரீட்சையைப் பத்திச் சொன்னாளே" என்று எடுத்துக் கொடுத்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. பத்து நிமிடத்தில் அதே கேள்வி. அதே அம்மா, பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்! அதை நம்பித்தான் ஏமாந்தோம். பழைய நினைவுகள் பெரும்பாலும் கடைசியில்தான் கரையும் என்பது அப்போது தெரியாது.

இந்த நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1901-இல் பார்த்த 51 வயதுப் பெண்ணும் இப்படித்தான். காட்டிய பொருள்களுக்குப் பெரும்பாலும் சரியாகப் பெயர் சொன்னார், கொஞ்ச நேரத்தில் எதைக் காட்டினார்கள் என்பதே நினைவில்லை. அவர் இறந்த பிறகு மூளையில் அல்சைமர் கண்ட புரதப் படிவுகளும், நரம்பு செல்களுக்குள் சிக்கிக்கொண்ட இழைகளும்தான் இன்றும் இந்த நோயின் அடையாளம். அறிகுறி தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே அவை சேரத் தொடங்கிவிடுகின்றன.

வயதால் வரும் மறதிக்கும் அல்சைமருக்கும் நடுவில் லேசான அறிவாற்றல் குறைபாடு என்று ஒரு நிலை உண்டு: மறதி வயதுக்கு மீறி இருக்கும், ஆனால் அன்றாட வேலைகளைப் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்வார். அதில் இருக்கிற எல்லோரும் அல்சைமருக்குப் போவதில்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் இவையும் மறதியைக் கொண்டுவரும், பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை.

அப்புறம், மருத்துவரிடம் போகும்போது நடந்ததைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் அம்மா டாக்டர் முன்னால் உட்கார்ந்து சிரித்துப் பேசி, "எனக்கென்ன, இவன்தான் எல்லாத்தையும் மறக்கிறான்" என்று சொல்லிவிட்டார். டாக்டரும் முதல் தடவை நம்பிவிட்டார்.