பெரிய டீச்சரிடம் கேளுங்கள்: ஆண்டு விழா, நீல மாத்திரை, உடைந்த தாழ்ப்பாள்

பொங்கல் முடிந்தால் பள்ளிக்கூடங்களில் விழாக் காலம் ஆரம்பித்துவிடும், என் மேசையிலும் கடிதம் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் பெண்கள் நடுநிலைப் பள்ளிகளைப் பற்றியவை. 31 வருஷம் அப்படி ஒரு பள்ளியில் குப்பை கொட்டியவள் என்பதால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகளை ஆண்டு விழாவில் ஒரு சினிமாக் குத்துப்பாட்டுக்கு ஆடச் சேர்த்திருக்கிறார்கள். உடை வாடகை, மேக்கப் சேர்த்து 900 ரூபாய். பாட்டின் வரிகள் காது கூசுகின்றன. வேண்டாம் என்றால் மகளை ஒதுக்கிவிடுவார்களோ?
— ஒரு தாய், விழுப்புரம்

ஒதுக்க மாட்டார்கள், அப்படியே ஒருவர் முகம் சுளித்தாலும் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார். தனியாகப் போகாதீர்கள், அதே ஆட்டத்தில் இருக்கும் இன்னும் நான்கு பிள்ளைகளின் அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், குறை சொல்லப் போகிற மாதிரி இல்லாமல் வேறு பாட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். டீச்சர் அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரும்பாலும் பெரிய காரணம் எதுவும் இருக்காது. போன வருஷம் கைதட்டு வாங்கிய பாட்டு, செல்போனில் கைவசம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஸ்டெப் தெரியும், அவ்வளவுதான். கும்மி, கோலாட்டத்துக்கு வாடகை உடை தேவையில்லை, பாவாடை சட்டையும் ஒரு ஜோடி குச்சியும் போதும். வில்லுப்பாட்டு என்றால் அதுவும் வேண்டாம், ஒரு குடமும் வில்லும் கிடைத்தால் மற்றதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஒருமுறை சத்துணவு முட்டையைப் பற்றி வில்லுப்பாட்டு எழுதினார்கள், சத்துணவு அமைப்பாளரே சிரித்துச் சிரித்து நாற்காலியில் இருந்து சரிந்துவிட்டார்.

எனக்குப் பாட்டை விடப் பெரிய வருத்தம் வேறு. 5 மணிக்கு விழா என்று அழைப்பிதழ் அடிப்பார்கள், சிறப்பு விருந்தினர் 7 மணிக்கு வருவார், அதுவரை ஒன்பது வயதுப் பிள்ளை உதட்டுச் சாயம் அழிந்துவிடும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளைகளின் நிகழ்ச்சி நேரத்துக்குத் தொடங்கும் என்று நான் ஒருமுறை பிடிவாதமாக நின்றேன். வந்தவருக்குக் கோபம்தான், ஆனால் அடுத்த வருஷம் சரியாக 5 மணிக்கு வந்தார்.

விழாவுக்குக் கீற்றுப் பந்தல் போட்டால் செலவு குறையும் என்று பெற்றோர் சிலர் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதே இடத்தில் சமையலும் நடக்கும். போடலாமா?
— உதவி ஆசிரியை, தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமம்

வேண்டாம். உங்கள் ஜில்லாவிலேயே இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே அம்மா. 2004 ஜூலை 16, கும்பகோணம். சமையற்கட்டில் பிடித்த தீ கூரைக்கு ஏறி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதற்கு அப்புறம்தான் பள்ளிக்கூடங்களில் இருந்து கீற்றுக் கூரைகள் இறங்கின. ஒரு மாலைக்குத்தானே என்று யாராவது சொன்னால், தீ பிடிக்க ஒரு மாலை தாராளமாகப் போதும் என்று சொல்லுங்கள். பந்தலே இல்லாமல் வேப்பமரத்தடியில் நடத்துங்கள். அடுப்பை எதிர்ப்பக்கம், காற்று பிள்ளைகள் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.

என் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள். சாப்பிட்டால் வயிறு புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்கிறாள். நிறுத்திவிடலாமா?
— ஒரு தந்தை, அரூர்

நிறுத்த வேண்டாம். அது இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. பத்து வயதுக்கு மேல் நீலம், 60 மில்லிகிராம் இரும்பு. அதற்குக் கீழே உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் நிறத்தில் 45 மில்லிகிராம். மலம் கறுப்பது இரும்பால், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. வயிறு புரட்டுவதற்குப் பெரும்பாலும் வெறும் வயிறுதான் காரணம். சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லுங்கள், ஒட்டியே டீ குடிக்க விடாதீர்கள், டீ இரும்பை உடம்பில் ஏற விடாது. கூடவே பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரையையும் தவற விடாதீர்கள், வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் நீங்கள் கொடுக்கும் இரும்பில் ஒரு பங்கு அதற்குத்தான் போகும். இத்தனைக்கும் மேலே வயிற்று வலி நிற்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எங்கள் மகள் போன மாதம் வயதுக்கு வந்தாள். அடுத்த வாரம் விளையாட்டு விழாவில் ரிலேயில் ஓட வேண்டும், அவள்தான் கடைசி ஆள். ஓடக் கூடாது என்கிறார் என் மாமியார். கணவர் வாயே திறக்கவில்லை. நான் என்ன செய்வது?
— ஒரு தாய், ஒட்டன்சத்திரம்

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாமியார் சொன்னது இருக்கிறது, கணவர் சொல்லாதது இருக்கிறது, பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுகூட இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. முதலில் அவளைக் கேளுங்கள்.

உடம்பைப் பொறுத்தவரை தடை எதுவும் இல்லை. மாதவிலக்கு நாளிலேயே ஓடலாம், ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்பதெல்லாம் கதை. அன்றைக்கு அவளுக்கு வலி அதிகம், ஓட மனமில்லை என்றால் அது அவள் முடிவு, அதையும் மதியுங்கள். மாமியாரிடம் மோதப் போகாதீர்கள், நான் பார்த்த வரையில் பாட்டிகளின் பயம் பாதி துணி பற்றிய பயம்தான், அவர்கள் காலத்தில் நாப்கின் ஏது? பழைய சேலைத் துணியைக் கட்டிக்கொண்டு ஓட முடியாது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. இன்றைக்கு 10 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் பாக்கெட் அரசுப் பள்ளியிலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள், அதை மாமியார் கையில் கொடுத்து எப்படி இருக்கிறது என்று காட்டுங்கள். முடிந்தால் அவரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். பேத்தி கடைசிச் சுற்றில் குச்சியை வாங்கி ஓடும்போது, எழுந்து நின்று கத்துவது முதலில் அவராகத்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாப் பிள்ளைகளின் படத்தையும் பெயரோடு போடுகிறார்கள். பிறந்தநாள் வாழ்த்து வேறு, வகுப்பும் பிரிவும் சேர்த்து. நான் மட்டும் ஆட்சேபம் சொன்னால் அதிகப்பிரசங்கி என்பார்கள்.
— பெயர் வேண்டாம், ஆவடி

சொல்லட்டும். குழுவில் 200 பேர் இருந்தால் அது தெருமுனைச் சுவரொட்டிக்குச் சமம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டப் பேச்சை முதல் நாளே எடுக்க வேண்டாம். "கூட்டமாக எடுத்த படம் போடுங்கள், பெயர் போடாதீர்கள்" என்று மட்டும் தலைமையாசிரியையிடம் தனியாகச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.
— பூ வியாபாரி, நிலக்கோட்டை

டீயாவது நன்றாக இருந்ததா? 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உங்களை யாரும் தயவு பண்ணிச் சேர்க்கவில்லை, உங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் குழுவே செல்லாது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் குழுவின் வேலை. அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பூக்கடைக் கணக்கில் பத்து ரூபாய் விட்டுப்போனால் கேட்கிறவர்தானே நீங்கள், அதே குரல் போதும்.

மகளை ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். சரியா?
— கொத்தனார், பரமக்குடி

மாற்றுவதற்கு முன் இரண்டு கணக்கு போடுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. ஆறில் மாற்றினால் இரண்டும் போய்விடும். அப்புறம் இரண்டு பள்ளிக்கும் மகளையே கூட்டிப்போய்க் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பள்ளி நடக்கிற லட்சணம் பிராஸ்பெக்டஸில் தெரியாது, அங்கே தெரியும்.

தமிழர்கள் நடுவே பெண்களுக்கென்று பள்ளிக்கூடம் எப்போது வந்தது? பள்ளியின் நூற்றாண்டு மலருக்காகக் கேட்கிறேன்.
— தமிழாசிரியை, காரைக்குடி

நிறையப் பேர் 1848-இல் புனேயில் சாவித்திரிபாய் புலே தொடங்கிய பள்ளியில் இருந்து எழுத ஆரம்பிப்பார்கள். அது பெரிய காரியம், சந்தேகமில்லை, ஆனால் தமிழர்கள் நடுவே அதற்கும் முன்பே பெண்கள் பள்ளிகள் வந்துவிட்டன, கடலைத் தாண்டியும் பாருங்கள். யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824-லேயே அமெரிக்க மிஷனரிகள் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார்கள், அதை நடத்தியவர் ஹேரியட் வின்ஸ்லோ. இன்றும் அது உடுவில் மகளிர் கல்லூரியாக நடக்கிறது, 200 வயதைத் தாண்டிவிட்டது. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமியை விட்டுவிடாதீர்கள்: சிறு வயதிலேயே விதவையானவர், 1911-இல் பட்டம் வாங்கினார், தன்னைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். மலரில் தலைவர்களின் வாழ்த்துச் செய்திகளுக்கு இருபது பக்கம் ஒதுக்காதீர்கள், பழைய மாணவிகள் எந்தத் தெருவில் இருந்து எப்படி நடந்து வந்தார்கள் என்று எழுதி வாங்கிப் போடுங்கள்.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கையெழுத்து இதழ் நடத்துகிறோம். டீச்சர் திருத்தித் திருத்தி நாங்கள் எழுதியதே காணாமல் போய்விடுகிறது. பள்ளிச் செய்தி என்று நாங்கள் எழுதினால் "இதெல்லாம் செய்தியா?" என்கிறார்கள். எது செய்தி?
— ஏழாம் வகுப்பு மாணவி, சிவகாசி

வாம்மா, இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உன்னுடையது. காலை வழிபாட்டில் தினமும் செய்தி வாசிப்பீர்கள் இல்லையா, டெல்லியில் என்ன, வெளிநாட்டில் என்ன என்று. எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை மட்டும் அந்தச் செய்தியை நிறுத்திவிட்டுப் பள்ளிச் செய்தி வாசிக்கச் சொன்னேன், வாசித்ததைக் கரும்பலகையிலும் எழுதுவார்கள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் நாய் நான்கு குட்டி போட்டது. எட்டாம் வகுப்பில் ஒருத்தி திருக்குறளில் 300 ஒப்பித்தாள். மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பெண் குழந்தை. இப்படித்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், மைக்கில் ஏறி, "கிணற்றடிக் கழிப்பறையின் தாழ்ப்பாள் உடைந்து இன்றோடு 23 நாள்" என்று வாசித்துவிட்டு அமைதியாக இறங்கிவிட்டாள். நான் தலைமையாசிரியை, எனக்குத் தெரியாது. டீச்சர்களின் கழிப்பறைக்குத் தனிச் சாவி இருந்தது, அதுதான் தெரியாமல் போனதற்குக் காரணம். அன்று மாலைக்குள் தச்சர் வந்தார்.

அதுதான் செய்தி. எத்தனை நாள், எந்த இடம், யாருக்கு இடைஞ்சல், மூன்றையும் எண்ணிப் பார்த்து எழுதினால் எந்த டீச்சராலும் அதைத் திருத்த முடியாது, எழுத்துப் பிழையை மட்டும்தான் திருத்தலாம். கதை, கவிதையைத் திருத்தினால் அசலையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள். பள்ளிக் கல்வித் துறை நடத்தும் 'தேன்சிட்டு' இதழுக்கு உன் வகுப்புப் பிள்ளைகளே எழுதுகிறார்கள், உன் தங்கைகள் நான்கு, ஐந்தாம் வகுப்பில் இருந்தால் அவர்களுக்கு 'ஊஞ்சல்' இருக்கிறது. உங்கள் கையெழுத்து இதழ் ஒன்றை எனக்கும் அனுப்பு. திருத்தாத பிரதியாக.

எட்டாம் வகுப்பு முடித்து 25 வருஷம் ஆகிறது. பழைய மாணவியர் சந்திப்பு வைக்கிறோம். எங்களை அடித்து நொறுக்கிய கணக்கு டீச்சரையும் கூப்பிட வேண்டுமா என்று குழுவில் சண்டை.
— இல்லத்தரசி, ஈரோடு

நானும் அடிஸ்கேல் வைத்திருந்தவள்தான் அம்மா. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டமே வந்த பிறகு, அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன், பழக்கம் கையை விட்டுப் போக அதற்கு மேலும் ஒரு வருஷம் ஆனது. அந்த டீச்சரைக் கூப்பிடுங்கள். மேடையில் நாற்காலி போட்டுச் சால்வை போர்த்தாதீர்கள், உங்களோடு பழைய வகுப்பு பெஞ்சில் நடுவில் உட்கார வையுங்கள், மற்றதை யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள்.