பதினான்காவது மாடிக்கு எந்தப் பியானோ?

கேள்வி: கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒரு காண்டோவின் 14ஆவது மாடியில் குடியிருக்கிறோம். எட்டு வயது மகள் ஓராண்டாகப் பியானோ கற்கிறாள். அடுத்த ஆண்டு கிரேடு 1 தேர்வு. வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு. ஆசிரியை, கம்பிகள் உள்ள அக்கூஸ்டிக் பியானோதான் வாங்க வேண்டும் என்கிறார். என் கணவர் டிஜிட்டலே போதும் என்கிறார். ஜப்பானிலிருந்து வந்த பழைய அப்ரைட் (சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் அக்கூஸ்டிக் பியானோ) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். எதை வாங்குவது?

பதில்: ஆசிரியை சொல்வதிலும் நியாயம் உண்டு, உங்கள் கணவர் சொல்வதிலும் உண்டு. ஆனால் இரண்டு பேருமே வீட்டைப் பற்றிப் பேசவில்லை. பியானோ டியூனிங்குக்கு, அதாவது சுருதி சேர்க்கப் போகும் இடத்தில் நான் முதலில் பார்ப்பது வீட்டைத்தான், பியானோவை அப்புறம்.

அந்தக் கீபோர்டை முதலில் ஓரம் கட்டுங்கள். அதன் கட்டைகளுக்கு அடியில் கனம் இல்லை. அதில் பழகிய விரல், தேர்வு அறையில் நிஜப் பியானோவைத் தொட்டதும் திணறும். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கிறது. அந்தக் கனத்தை விரல் பழகியாக வேண்டும். டிஜிட்டலில் கம்பியே கிடையாது. கட்டை இறங்கும் வேகத்தை சென்சார் அளந்து, ஏற்கெனவே பதிவு செய்து வைத்த பியானோ ஒலியை எடுத்துக் கொடுக்கிறது. கனம் மட்டும் சரியாக இருந்தால் ஆரம்ப கிரேடுகளுக்கு அது தாராளம்.

ஆசிரியை ஏன் பிடிவாதமாக இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் அவருடைய பியானோவில் இதைச் செய்து பாருங்கள். நடு ‘ஸி’ கட்டையைச் சத்தம் வராமல் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓர் ஆக்டேவ் கீழே, அதாவது இடப்பக்கம் அடுத்து வரும் ‘ஸி’யைப் பலமாகத் தட்டிவிட்டுக் கையை எடுங்கள். தட்டிய ஒலி அடங்கிய பிறகும், நீங்கள் தட்டாத கம்பி மெலிதாகப் பாடிக்கொண்டிருக்கும். ஒரு தந்தியை மீட்டினால் பக்கத்துத் தந்தி சேர்ந்து அதிருமே, வீணைக்காரர்களுக்கு இது புதிதில்லை. நல்ல டிஜிட்டல்கள் இதையும் போலச் செய்கின்றன. காது பழகியவர்களுக்கு வித்தியாசம் தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இப்போதைக்கு அது பெரிய இழப்பில்லை.

பெரிய விஷயம் ஈரம். கோலாலம்பூர் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. பியானோவுக்கு உகந்தது 40 முதல் 60 வரை. மழை நாளில் மிருதங்கத் தோல் தொய்வதைப் பார்த்திருப்பீர்கள். பியானோவுக்குள்ளும் மரம், ஃபெல்ட் என்னும் தடித்த கம்பளித் துணி, தோல் எல்லாம் ஈரத்தைக் குடித்து உப்பும். அழுத்திய கட்டை எழும்பாமல் அப்படியே படுத்துக்கொள்ளும். சிலர் இரவு முழுக்க ஏர்கான் போட்டுப் பகலில் அணைத்து வைப்பார்கள். அது இன்னும் மோசம்: மரம் தினமும் சுருங்கி விரியும், சுருதி நிற்காது.

செந்தூலில் ஒரு வீட்டில் ‘நாலைந்து கட்டை ஒட்டிக்கொண்டது’ என்று கூப்பிட்டிருந்தார்கள். கீழ்ப்பலகையைக் கழற்றினால் உள்ளே எலிக்கூடு. ஃபெல்ட்டைப் பஞ்சு பஞ்சாகக் கிழித்து மெத்தை போட்டிருந்தது. தடித்த கம்பிகளில் விரலை வைத்தேன், செங்கல் நிறத்தில் துரு ஒட்டிக்கொண்டு வந்தது. “நாங்கள் யாரும் தொடுவதே இல்லையே, எப்படிக் கெட்டது?” என்றார் வீட்டம்மா. தொடாமல் விட்டதும் ஒரு காரணம்தான், வேறென்ன சொல்ல.

ஆகவே அக்கூஸ்டிக் வாங்கினால், ஈரத்தை விரட்ட, அதன் அடிப்பகுதியில் மின்சாரத்தில் எப்போதும் மிதமாகச் சூடாக இருக்கும் ஒரு தண்டைப் பொருத்த வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை டியூனிங் செய்ய வேண்டும். வெயில் படாத, ஏர்கான் நேரே வீசாத உட்சுவர் வேண்டும். அப்ரைட் பெரும்பாலும் 200 கிலோவைத் தாண்டும். லிஃப்ட்டில் நுழையுமா, நிர்வாக அலுவலகம் ஏற்ற விடுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இராத்திரி ஒன்பது மணிக்குமேல் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது இன்னொரு கதை.

என்னைக் கேட்டால், இப்போதைக்கு டிஜிட்டல். ஆனால் கையில் கிடைத்ததை அல்ல. 88 கட்டை, சுத்தியல் கனம், ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று சென்சார், ஸ்டாண்டோடு சேர்ந்த மூன்று பெடல் என்று கேட்டு வாங்குங்கள். தரையில் வழுக்கி ஓடும் தனிப் பெடல் வேண்டாம். கடையில் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள்: கட்டைகள் லொட லொடவென்று ஆடினால் அடுத்ததைப் பார்க்கலாம். ஜப்பானிலிருந்து வந்த பழைய டிஜிட்டல் மலிவாகக் கிடைக்கும். பல, அந்நாட்டு 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான் மிச்சம். அப்புறம், ஹெட்ஃபோன் போட்டாலும் கட்டை தட்டும் அதிர்வு கீழ் வீட்டுக்குப் போகும். அடியில் தடித்த கம்பளம் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

தேர்வு மையங்களில் பெரும்பாலும் அக்கூஸ்டிக்தான் இருக்கும். அதனால் ஆசிரியையிடம் பேசி, தேர்வுக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள் வாரம் ஓர் அரை மணி நேரம் கூடுதலாக அவருடைய பியானோவில் வாசிக்க விடச் சொல்லுங்கள்.

நான்காவது, ஐந்தாவது கிரேடு வந்த பிறகும் பிள்ளை தானாகப் போய் உட்கார்ந்து வாசிக்கிறாள் என்றால், அப்போது அப்ரைட் பார்க்கலாம். அந்த நாளில் கடைக்காரரை நம்பாமல் ஒரு டியூனரைக் கூட்டிப்போங்கள். கம்பிகளின் முனை சுற்றப்பட்டிருக்கும் முளைகள் தளர்ந்திருந்தால் எத்தனை முறை டியூன் செய்தாலும் சுருதி நிற்காது. இப்போது நீங்கள் பார்த்து வைத்திருப்பதற்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றால் கொடுக்க வேண்டாம்.